"பார்த்தாயிற்று" என்னும் மயக்கம்

கலைக்கூடம் என்பது ஒரே நாளில் பார்த்து முடித்துவிட வேண்டிய இடம், ஒருமுறை பார்த்தவருக்கு அங்கே மறுபடியும் வேலையில்லை என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ரயில்வே உத்தியோகத்தையும் ராணுவ உத்தியோகத்தையும் முன்னிட்டு வந்து மல்காஜ்கிரியிலும் செகந்திராபாத்திலும் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஹைதராபாத்தின் சாலார்ஜங் மியூசியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் எப்போதோ பார்த்தாயிற்றே" என்னும் பதிலே வருகிறது. ஊரிலிருந்து உறவினர் வரும்போது சார்மினாரோடு சேர்த்து அங்கும் ஒரு நடை அழைத்துப்போவதுடன் கடமை தீர்ந்துவிடுகிறது. நகரத்தின் பெருஞ்செல்வத்தை நகரத்தாரிடமிருந்தே மறைத்துவிடும் இந்த அபிப்பிராயத்தை வன்மையாகக் கண்டிக்கவேண்டும்.

அங்குள்ள பொருள்கள் சேர்ந்த வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். பைபிளில் வரும் ரெபெக்காவின், முகத்திரையணிந்த சலவைக்கல் சிலையை ஹைதராபாத் நிஜாமின் திவானான முதலாம் சாலார்ஜங் 1876-ல் ரோமாபுரியில் வாங்கினார். அவருடைய பேரரும் தாமும் திவானாகச் சில காலம் இருந்தவருமான மூன்றாம் சாலார்ஜங் மீர் யூசுப் அலிகானோ, 1949-ல் காலமாகும்வரை, விவாகமும் செய்துகொள்ளாமல், தம் ஐசுவரியத்தைக் கலைப்பொருள்களுக்கே செலவிட்டார். 1951 டிசம்பர் 16-ல் ஜவஹர்லால் நேரு திவான் தேவடி மாளிகையில் திறந்துவைத்த அந்தச் சேகரம், 1961-ல் பார்லிமெண்டுச் சட்டத்தினால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாகி, 1968-ல் மூசி நதிக்கரையிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. தலைமுறைகளின் பிரயாசையில் திரண்டதை ஒரு பிற்பகலில் கண்டுவிட்டதாக நினைப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மணிதோறும் பொம்மை மனிதன் வெளிவந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன் கூடிநின்று களித்துவிட்டு, மற்றக் கூடங்களை ஓட்டநடையில் கடப்பவர்கள் இழப்பது கொஞ்சமல்ல. பிதரி வேலைப்பாட்டுப் பாத்திரம் ஒன்றின் முன் கால்மணி நேரம் நின்று பாருங்கள். துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்து, மேற்பரப்பில் கொடியும் மலரும் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் வெள்ளியைப் பதித்தபின், பீதர்க் கோட்டையின் பழமண்ணை நவச்சாரத்துடன் கொதிக்கவைத்த நீரில் தோய்க்கிறார்கள். உலோகம் கன்னங்கரேலென்று கறுத்துப்போக, வெள்ளி மாத்திரம் வெண்மை மாறாமல் நிற்கிறது. இதை அறிந்து நோக்குகிறவனுக்கு அந்தக் கருமை வெறும் வர்ணமாகத் தோன்றாது. தென்னாட்டு வெண்கல விக்கிரகங்களின் விஷயமும் அப்படியே. கோயிலில் பட்டும் மாலையும் மறைத்திருக்கும் இடையின் வளைவையும், தோளிலிருந்து விரல்நுனிவரை தடையின்றி இறங்கும் கையின் ஓட்டத்தையும் இங்கே நாம் நின்று நிதானித்துக் காணலாம்; ஆயினும் தமிழரே அவற்றின் முன் அதிக நேரம் நிற்பதில்லை.

தொலைவிலிருந்து சிரமப்பட்டு வந்தவர், டிக்கெட்டும் வாங்கிவிட்டபின், எல்லாவற்றையும் பார்க்காமல் திரும்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கண்கள் அலுத்துப்போன பிறகு கடக்கும் கூடங்கள் அவருடைய நினைவில் நிற்பதில்லை. இரண்டே கூடங்களை ஊன்றிப் பார்த்தவர் அந்த இரண்டையாவது தம்முடையதாக்கிக்கொள்கிறார். உள்ளூரில் குடியிருப்பவருக்கோ இந்தச் சமாதானமும் பொருந்தாது. தோடி ராகத்தை ஒருமுறை கேட்டாயிற்று, இனி எதற்கு என்று எந்த ரசிகனும் சொல்வதில்லை. காதுக்கு நாம் அளிக்கும் இந்தச் சலுகையைக் கண்ணுக்கு ஏன் மறுக்கவேண்டும்?

இது சாலார்ஜங் மியூசியத்துக்கு மாத்திரம் உரிய பேச்சல்ல. இதே நகரத்தின் பப்ளிக் கார்டன்ஸிலுள்ள மாநில மியூசியத்தில், நிஜாம் ராஜ்யத்துக்குள் அடங்கியிருந்த அஜந்தாவின் சித்திரங்களுக்குக் கோடு கோடாக எடுத்த பிரதிகள் இருக்கின்றன. ஆந்திர மண்ணில் பிறந்த அமராவதிச் சிற்பங்கள் சென்னை எழும்பூரில் இருக்கின்றன. இவையெல்லாம் ஒருநாள் வேடிக்கைக்காகப் பாதுகாக்கப்பட்டவை அல்ல.

ஆகையால், சாலார்ஜங் மியூசியத்தின் வெள்ளிக்கிழமை விடுமுறை நீங்கலாக, வசதிப்பட்ட ஒரு நாளில் ஒரே ஒரு கூடத்துக்கென்று புறப்படுங்கள். பள்ளிக்கூடங்களும் மாணவரை வரிசையில் நிறுத்திக் கட்டடம் முழுவதும் நடத்திச் செல்லும் வழக்கத்தை விட்டு, ஒரு கூடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைப் பார்த்து வரையச் செய்யட்டும். பார்வை பழகப் பழகத்தான் கூர்மையடையும். அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்காத நகரத்தில் எத்தனை மியூசியங்கள் இருந்தாலும், அவை பொருள்களைப் பத்திரப்படுத்தும் கிடங்குகளே.