எந்த நிலையில் ஆடுவது?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு பேரரசு வீழ்ந்தது. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் பேரரசு அது. அது வீழக் காரணமானவள் நான். அன்று நாற்காலியை விட்டு எழுந்து போனவள், மூன்று மாதம் அந்த விளையாட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கணினி விளையாட்டைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதலாமா என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு வீடுகளிலும் நடக்கக் கூடியதே என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ‘சிவிலிசேஷன்’. சிட் மையர் என்பவர் 1991இல் முதன்முதலாக உருவாக்கியது. நாங்கள் ஆடுவது 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு. கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்தையும் ஒரு வீரனையும் நம் கையில் கொடுத்து, ‘இனி உன் சாமர்த்தியம்’ என்று விட்டுவிடுவார்கள். ஊர் அமைத்து, உழுது, எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, அண்டை நாடுகளோடு பழகியோ பகைத்தோ கி.பி. 2050 வரை வந்து சேரவேண்டும். சரித்திரப் பாடத்தைக் கண்டால் கொட்டாவி விடும் தோழியர்கூட இதில் நள்ளிரவு வரை விழித்திருப்பதை நான் அறிவேன்.

ஆட்டம் தொடங்குமுன் ஒரு கேள்வி வரும்: எந்தக் கடின நிலை? செட்லர், சீஃப்டன், வார்லார்ட், பிரின்ஸ், கிங், எம்பரர், இம்மார்ட்டல், டீட்டி என எட்டுப் படிகள். அதாவது வெறும் குடியேறியில் தொடங்கி, தலைவன், இளவரசன், பேரரசன் என்று ஏறி, சாகாவரம் பெற்று, கடைசியில் தெய்வமாகவே ஆகிவிடலாம்! (இந்தக் கடைசிப் பெயரை நம் அருட்சகோதரியர் மன்னிப்பார்களாக. வைத்தவள் நானில்லை.)

மேல்நிலைக்குப் போனால் கணினி அதிக அறிவோடு ஆடும் என்றுதான் பலரும் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. இளவரசன் நிலையில் இருவருக்கும் சலுகை இல்லை. அதற்குக் கீழே இறங்கினால் நமக்குச் சலுகை, மேலே ஏறினால் கணினிக்குச் சலுகை. உச்ச நிலையில் நமக்கு ஒரு குடியேறிக் கூட்டம் என்றால் எதிரிகள் ஒவ்வொருவருக்கும் மூன்று. அவர்களுடைய விஞ்ஞானம் 32 விழுக்காடு கூடுதலாக வளரும். போர்க்களத்திலும் அவர்களுக்குக் கூடுதல் வலிமை. ஆனால் அந்த எதிரி படை நடத்தும் முறை முன்போலவேதான் இருக்கும். மூளை வளரவில்லை, மடிதான் கனத்திருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தியைப் பாதி வழியில் நிறுத்திவைத்து விசில் ஊதுவதைப் போன்றது இது.

எல்லா விளையாட்டும் இப்படியல்ல. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் 1999இல் வந்தபோது, மிகக் கடின நிலையில் கணினிக்குப் பொருள்களை இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். 2019இல் வந்த புதுப் பதிப்பிலோ கணினி நம்மைப்போலவே மரம் வெட்டி, பொன் தோண்டித்தான் படை திரட்டுகிறது. அங்கே கடின நிலை என்றால் திறமையான எதிரி. (இராஜேந்திர சோழனாக ஆட விரும்புவோருக்கு ஒரு செய்தி: 2022 முதல் அவனுடைய படையெடுப்புகளும் அதில் உண்டு.)

என் பெரியப்பா மகன் உச்ச நிலையைத் தவிர வேறெதிலும் ஆடமாட்டான். “சரித்திரம் யாருக்கு இரக்கம் காட்டியது? அதுதான் உண்மையான நிலை” என்பது அவன் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1532இல் கஹமார்க்கா நகரில் 168 ஸ்பானியர், ஆயிரக்கணக்கானோர் சூழ வந்த இன்கா மன்னன் அத்தவால்பாவைச் சிறைபிடித்தார்கள். கொடுமையான சரித்திரமே. ஆனால் அதற்குக் காரணங்கள் இருந்தன. அண்ணன் தம்பிக்குள் உள்நாட்டுப் போர், ஐரோப்பாவிலிருந்து வந்த பெரியம்மை, அந்த மக்கள் கண்டிராத குதிரை, எஃகு வாள். காரணத்தைத் தேடித் தெரிந்துகொள்வதுதானே சரித்திரம்? ‘எதிரிக்கு 32 விழுக்காடு கூடுதல்’ என்பது ஒரு காரணமா? அது கி.மு. 4000 முதல் ஆட்டம் முடியும்வரை மாறாத வெறும் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. உச்ச நிலையில் ஆடுகிறவர்களின் ஆட்டங்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபாடு தெரியாது. ஸ்டோன்ஹெஞ்சைக் கட்ட ஆசைப்பட்டால், பெரும்பாலும் எதிரி முந்திக்கொள்வான். நூலகம் பிறகு, கோயில் பிறகு, முதலில் வில்லாளிகள்! பக்கத்து ஊரைப் பிடித்தால்தான் பிழைப்பு. இத்தனை நாகரிகங்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒன்றே. அண்ணன் ஜெயிக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அவன் கலங்கரை விளக்கம் கட்டி நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும் நான் மட்டும் என்ன யோக்கியம்? ஓராண்டுக் காலம் செட்லர் நிலையிலேயே ஆடி, என்னைச் சந்திரகுப்த மௌரியனின் மறுபிறவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். சுவர் எதற்கு, நட்பு எதற்கு என்று யோசிக்க வேண்டிய தேவையே வராது. வகுப்பில் தோழியர் கேட்டபோது ‘கிங்’ என்று பொய் சொன்னேன். இன்று இந்தப் பக்கத்தில்தான் அவர்களுக்கு உண்மை தெரியப்போகிறது.

தோற்ற பிறகு ‘இந்த இடத்தில் தவறினேன்’ என்று நம்மால் விரல்வைத்துச் சொல்ல முடிகிற நிலையே நமக்கு ஏற்ற நிலை என்பது என் கருத்து. ஏன் ஜெயித்தோம் என்று தெரியாத நிலையும் வேண்டாம், ஏன் தோற்றோம் என்று தெரியாத நிலையும் வேண்டாம். இதில் நம் மனம் நம்மையே ஏமாற்றும். சிட் மையர் 2010இல் சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் பேசியபோது சொன்னார்: மூன்றுக்கு ஒன்று என்று பலம் தம் பக்கம் இருக்கும்போது தோற்றால், ஆடுபவர்கள் அதை அநியாயம் என்றே கருதினார்களாம். நான்கு முறைக்கு ஒருமுறை தோற்பது கணக்குப்படி சரிதான். கணக்குப் புத்தகத்தில் ஒத்துக்கொள்வோம், நம் படை சாகும்போது ஒத்துக்கொள்ள மாட்டோம்.

இனி என் தங்கைக்கு வருகிறேன். அவள் ஆசையாகக் கிளியோபாட்ராவைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்த திரையில் நிலையைத் தேர்ந்தெடுத்தவள் நான். ‘எம்பரர்’ என்று வைத்தேன். கஷ்டப்பட்டால்தான் கற்றுக்கொள்வாள் என்று பெரிய மனுஷி போல நினைப்பு. காட்டுமிராண்டிகளின் ஒற்றன் அவள் ஊரைப் பார்த்துவிட்டுத் தன் முகாமுக்கு ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் மடக்கவேண்டும், சேர்ந்துவிட்டால் கொள்ளைக் கூட்டம் வரும் என்று நான் சொல்லித்தரவில்லை. வந்தது. அவளுடைய ஒரே வீரனும் செத்தான். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து நாட்டுக் கில்காமேஷின் போர்த்தேர்கள் நுழைந்தன. அரை மணி நேரத்தில் எகிப்து இல்லை. “நான் என்னக்கா தப்பு செஞ்சேன்?” என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் செய்த தப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லையே!

காலாண்டு விடுமுறையில் அவளாகவே வந்தாள். நான் எலியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். ‘சீஃப்டன்’ எடுத்தாள், ஒற்றனை எப்படி மடக்குவது என்று மட்டும் கேட்டாள், ஜெயித்தாள். மறுவாரம் யாரும் சொல்லாமலே ‘பிரின்ஸ்’ நிலைக்குப் போனாள். அங்கே எல்லையோர நகரம் ஒன்று பறிபோய், அதோடு ஆட்டமும் சாய்ந்தது.

“அந்த ஊருக்குச் சுவர் கட்டாமல் விட்டுட்டேன்கா” என்றாள்.

நிலையைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, புது ஆட்டத்தைத் தொடங்கினாள்.