வரப்போரத்துக் கல்லும் நம் சிரிப்பும்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், விடியற்காலையில் மோட்டாரைப் போடுமுன் வரப்போரத்தில் நட்டிருக்கும் ஒரு கல்லின் முன் நிற்பார். அது அவருடைய கருப்பன். "தண்ணி திறக்கப் போறேன், பாத்துக்க" என்பார். பழம் விலை போகாத நாளில் அதே கருப்பனை வாய்க்கு வந்தபடி ஏசுவார். பேத்தி தேர்வில் தேறிய செய்தியை முதலில் அங்கேதான் சொல்வார். அண்மையில் அவ்வழியே வந்த நம் பிள்ளைகள் சிலர் இதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தனர். "கல்லோடு பேசுகிறார், பாருங்களடா!" என்றான் ஒருவன். முதியவர் மறுமொழி கூறவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாள்தோறும் "வாங்க மருமகனே" என்று அப்பிள்ளைகளை அழைப்பவர், அன்று அழைக்கவில்லை.

அந்தச் சிரிப்பைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன்.

"இணைவைப்பைக் கண்டு சிரிக்காமல் சிறப்புச் செய்யவா சொல்கிறீர்?" என்று சினப்பவர் இருக்கலாம். ஏகத்துவத்தில் நமக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. அம்முதியவரின் கல்முன் நாம் தலைதாழ்த்தப் போவதுமில்லை. ஆயினும், பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசலாகாது என்று தடுப்பது திருமறையின் 6-ஆம் அத்தியாயத்து 108-ஆம் வசனமன்றோ? நீ ஏசினால் அவன் அறியாமையால் உன் இறைவனை ஏசுவான் என்ற காரணத்தையும் அவ்வசனமே கூறிவிடுகிறது. ஆகவே ஏளனம் செய்பவன் மார்க்கத்தைக் காப்பவன் அல்லன். மார்க்கம் மூடிய வாயிலைத் திறந்துவிடுபவன்.

அம்முதியவர் ஏதோ தனியொரு விந்தையர் என்றும் எண்ண வேண்டா. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி ஏந்தி வருபவர்களும், ஆண்டில் ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடியிலிருந்து மலையேறுபவர்களும் இந்தப் பள்ளத்தாக்கின் மக்களே. புலவர்க்குக் கண்ணகி ஒரு காப்பியத் தலைவி. மலையேறும் மூதாட்டிக்கோ தன் வழக்கைச் சொல்லி அழத்தக்க தாய். ஆண்டுக்கொரு முறை திருவிழாவில் நிகழ்வது, வரப்போரத்தில் அன்றாடம் நிகழ்கிறது. அவ்வளவே வேறுபாடு.

இதனைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று தள்ளுவாரும் உளர். கி.பி. 1000-ஐ ஒட்டிக் கிறித்தவத்தைத் தழுவிய நாடு ஐஸ்லாந்து. அங்கே கைவிடப்பட்ட பழந்தெய்வங்களை வணங்குவோர் 1972-இல் ஒரு சங்கம் அமைத்தனர். மறு ஆண்டே அரசின் ஏற்பும் பெற்றனர். படித்து, நகரத்தில் வாழ்வோரும் தம் வீட்டிலும் வேலையிலும் உடனிருக்கும் ஒரு தெய்வத்தைத் தேடுகின்றனர் எனில், எட்டாத் தொலைவில் இருக்கும் கடவுளோடு மனித உள்ளம் அமைதி கொள்வதில்லை என்பதே பொருள். அங்கே ஆயிரம் ஆண்டு அறுந்துபோன இழையை ஏடுகளைப் புரட்டித் தேடி முடிகிறார்கள். இங்கே அது அறுந்ததே இல்லை.

ஏளனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று உண்டு. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 2003-இல் தமிழக அரசு அதனைத் திடீரென நடைமுறைப்படுத்த முனைந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயோடு குடும்பங்கள் திகைத்து நின்றன. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. "மூடப்பழக்கம் ஒழியட்டும்" என்று அண்டைவீட்டானின் கிடாயைப் பார்த்துச் சொல்லும் நாக்கு, ஹஜ்ஜுப் பெருநாளில் நம் குர்பானியைப் பார்த்துப் பிறர் அதே சொல்லை வீசும்போது என்ன விடை கூறும்?

இனி, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. பிடரி நரம்பினும் அருகில் இருப்பவன் நம் இறைவன் என்கிறது திருமறை. செருப்பின் வார் அறுந்தாலும் அவனிடமே கேட்க வேண்டும் என்கிறது திர்மிதீ தொகுப்பில் இடம்பெற்ற நபிமொழி. இத்தனை அண்மையில் இருப்பவனிடம் நாம் என்ன பேசுகிறோம்? ஐவேளை நிற்கிறோம், நாவு ஓதுகிறது, உள்ளமோ கடைக் கணக்கில் கிடக்கிறது. கையேந்தும் துஆவும் மனப்பாடமாய் ஓடி முடிகிறது. மகளின் மணக்கவலையை ஊரெல்லாம் சொல்லிப் புலம்புகிறோம். சஜ்தாவில் சொல்ல மறக்கிறோம். மகிழ்ச்சி வந்தாலோ சொல்லவே தோன்றுவதில்லை.

அம்முதியவர் அழைக்கும் இடம் தவறு என்பது நம் நம்பிக்கை. அவர் அழைப்பது போல் நாம் அழைக்கிறோமா? கேளாத கல்லிடம் அவர் ஒன்றையும் ஒளிப்பதில்லை. எல்லாம் கேட்பவனிடம் நாம் ஒன்றையும் சொல்வதில்லை. இவ்விருவரில் நகைப்புக்குரியவர் யார்?

பெற்றோரே! உங்கள் பிள்ளைகளை அத்தோட்டத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். முதலில் அம்முதியவரிடம் வருத்தம் தெரிவிக்கட்டும். பிறகு வீடு திரும்பி, அன்றிரவுத் தொழுகையில், தங்கள் இறைவனிடம் தங்கள் சொந்தச் சொல்லில், சொந்தத் தமிழில், ஒரு செய்தியேனும் மனம்விட்டுச் சொல்லட்டும்.