மகிழடிச் சூளும் மணவொப்பந்தமும்

திருமணத்துக்கு முன் பொருளும் உரிமையும் பற்றி ஒப்பந்தம் எழுதுதல் சைவ ஒழுக்கத்துக்கு ஒவ்வாதென்றும், அன்புள்ள இடத்தில் ஓலைக்கு வேலை யாதென்றும் சிலர் வாதிப்பர். அன்னார் பெரியபுராணத்தை ஓதியும் உணராதார் போலும்.

திருவொற்றியூரிற் சங்கிலியார் மணத்துக்கு உடன்படுமுன் வேண்டியது யாது? பரவையாரை முன்னரே மணந்த சுந்தரர் தம்மைப் பிரியாரென்னும் சூளுறவன்றோ? அதற்கு வழிசெய்தவர் சிவபெருமானே. மகிழடியிற் செய்த அச்சூளைக் கடந்து ஒற்றியூரெல்லை நீங்கியபோது நம்பியாரூரர் கண்ணிழந்தார். தோழரென்று இறைவர் விலக்களித்திலர். ஆகவே உறுதி கேட்டல் அன்பின்மையன்று. கொடுத்த உறுதியைக் கடத்தலே அன்பின்மை.

மரத்தடி உறுதி சைவர்க்கு மட்டும் உரியதன்று. கிளென்மார்கன் அமைந்த நீலகிரி மலையிலே, தோடர் மரபில், கருவுற்ற மனைவிக்குக் கணவன் மரத்தடியில் வில்லும் அம்பும் அளித்தே பிறக்கும் மகவுக்குத் தந்தையுரிமையை நாட்டுவான். ஊரறிந்த உறுதி எளியார்க்குக் காவல்.

அங்ஙனமாயின் எவ்வோலையும் ஏற்புடைத்தோ எனின், அன்று. கோவாவில் 1867ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசியச் சட்டவழி மணத்துக்கு முன் செய்யும் பொருளொப்பந்தம் செல்லும். ஏனைப் பகுதிகளிலோ, பிரிவை நோக்கி எழுதும் உடன்பாடு பொதுநெறிக்கு மாறென்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தள்ளப்படுதற்கு இடனுண்டு. அறமும் அதுவே. பெண்ணின் சீர்ப்பொருளையும் அவள் ஈட்டிய பொருளையும் அவளுக்கே உரியவாக்கும் ஓலையில் மணமக்கள் தயங்காது ஒப்பமிடுக. அவளை வெறுங்கையளாய் நீக்க எழுதும் ஓலையை மறுக்க. சங்கிலியார் கேட்டது பிரியாமைக்கு உறுதி, பிரிவுக்கு விலையன்று.