நம் வீட்டு விரதம் ஓணானுக்கு எதற்கு?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஒரே விவாதம். மெல்போர்னில் இருக்கும் என் தங்கை மகள், தன் பையனின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு பியர்டட் டிராகன் குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தமிழில் தாடி ஓணான் என்று வைத்துக்கொள்வோம். கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே தாடி மாதிரி உப்பிக் கறுத்துப்போகும். நம் வேலி ஓணானும் இதுவும் ஒரே விலங்கியல் குடும்பம். நம்மூர் ஓணானின் ஆஸ்திரேலியப் பங்காளி என்று சொன்னால் தப்பில்லை.

பிரச்சினை சாப்பாட்டில். "பெரியம்மா, நாங்க சுத்த சைவம். வீட்டுக்குள்ள பூச்சி டப்பா வெக்க எனக்கு மனசு வரலை. கீரையும் கேரட்டும் போட்டே வளர்க்கலாமில்ல?" என்று கேட்கிறாள். "அதுவும் சைவமா இருந்துட்டுப் போகட்டுமே, புண்ணியம்" என்று இங்கிருந்து இரண்டு பேர் ஆதரவு. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பிராணி வாங்கித் தருகிற எல்லோருக்கும் பொருந்தும் விஷயம் இது.

நானும் சைவம்தான். அது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் என் பதில் இதுதான்: பூச்சி கொடுக்க மனமில்லை என்றால் அந்தக் குட்டியை வைத்துக்கொள்ளக் கூடாது. சைவம் என்பது என் நாக்குக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதை இன்னொரு உயிரின் வாயில் பூட்டாக மாட்ட எனக்கு உரிமை கிடையாது.

தாவர உண்ணி, விலங்கு உண்ணி, அனைத்துண்ணி என்று வகுப்பில் படித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தாடி ஓணான் அனைத்துண்ணி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிகளில் பூச்சி, இலை, பூ என்று கிடைத்ததைத் தின்று வாழும் பிராணி. அதிலும் வயதுக்கு வயது கணக்கு மாறும். வளரும் குட்டிக்கு நூற்றில் 70, 80 பங்கு பூச்சி, மீதி கீரை. ஒன்றரை வயது தாண்டி முழுதாக வளர்ந்த பிறகு அப்படியே தலைகீழ்: தினமும் கீரையும் காயும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் பூச்சி. வளர்ந்ததற்குத் தினமும் பூச்சி போட்டால் கொழுத்துக் கல்லீரல் கெடும். குட்டிக்குக் கீரை மட்டும் போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டுமே கொடுமைதான்.

பூச்சி என்றதும் தோட்டத்தில் பிடித்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பூச்சிமருந்து பட்டதாக இருக்கலாம். மின்மினி போட்டால் கதையே முடிந்தது. அதில் இருக்கும் நஞ்சால் ஒரே ஒரு மின்மினியே இந்தப் பிராணியைக் கொன்றுவிடும். வளர்ப்புக்கென்றே விற்கும் சில்வண்டு, பட்டுப்புழு, கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு ஆகியவை நல்லது. மாவுப்புழு கொழுப்பு அதிகம், எப்போதாவது கொடுக்கலாம். எந்தப் பூச்சியும் ஓணானின் இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்கிற அளவு போதும். மிச்சமான சில்வண்டை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ராத்திரியில் அது ஓணானைக் கடிக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். பட்டினி கிடந்த பூச்சியில் சத்து இருக்காது. போடுவதற்கு முதல் நாளே பூச்சிக்கு நல்ல கீரையும் கேரட்டும் தின்னக் கொடுக்க வேண்டும். சில்வண்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஓணானுக்கோ கால்சியம் ஏறக்குறைய இரண்டு பங்கும் பாஸ்பரஸ் ஒரு பங்குமாகக் கிடைக்க வேண்டும். அதனால்தான் பூச்சியின் மேல் கால்சியம் பொடியைத் தூவிப் போடச் சொல்கிறார்கள்.

கீரையிலும் கவனம் வேண்டும். "கீரைதானே, எல்லாம் நல்லது" என்பது மனுஷக் கணக்கு. பாலக்கீரையிலும் பீட்ரூட் இலையிலும் இருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. லெட்டூஸ் பெரும்பாலும் தண்ணீர். கடுகுக்கீரை, பாக் சோய், எண்டைவ், மருந்தடிக்காத டான்டிலியன் இலை நல்லது. மஞ்சள் பூசணியைத் துருவிப் போடலாம். செம்பருத்திப் பூவை ஆசையாகத் தின்னும். பழம் எப்போதாவது ஒரு துண்டு. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, வெங்காயம், பூண்டு, ருபார்ப் கூடவே கூடாது. பால், தயிர், சாதம் என்று நம் தட்டிலிருந்து எதையும் ஊட்டாதீர்கள்.

தட்டு சரியாக இருந்தாலும் போதாது. சூடும் ஒளியும் வேண்டும். இது வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் பிராணி. குளிர் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை சூடு இல்லையென்றால் தின்றது செரிக்காது. யு.வி.பி. எனப்படும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். "ஜன்னலோரம் வெச்சிருக்கோமே" என்றால் பயனில்லை. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கென்று தனி விளக்கு வேண்டும். வெளிச்சம் தெரிந்தாலும் மாதங்கள் போகப்போகக் கதிர் குறையும், ஆகவே விளக்கை மாற்றவும் வேண்டும்.

இதெல்லாம் தவறினால் என்ன ஆகும்? எலும்பிலிருந்தே கால்சியத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகும், கால் வளையும், நடுக்கம் வரும், லேசாக விழுந்தாலே எலும்பு முறியும். இது ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வரும். பூனை கத்தும், நாய் முனகும். ஓணானுக்குச் சொல்லி அழ வாய் இல்லை.

"பூச்சியும் உயிர்தானே டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிர்தான். அந்த உறுத்தல் உங்களுக்கு இருந்தால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உறுத்தல் கடை வாசலில் வர வேண்டும். முயலும் கினிப் பன்றியும் பிறவியிலேயே தாவர உண்ணிகள், அவற்றில் ஒன்றை வாங்கியிருக்கலாம். ஓணானை வாங்கி வந்து கூண்டில் அடைத்து, அதற்கு வேண்டியதைக் கொடுக்காமல் எலும்பை உருக்குவது அகிம்சை ஆகாது. ஹிம்சை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்பார்களே, அந்தக் கதை. ஒரு வித்தியாசம், இங்கே வலி ஓணானுக்கு.

பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. நன்றாக வளர்த்தால் இது பத்து வருடம்கூட இருக்கும். எட்டு வயதுப் பையன் பதினெட்டு ஆகிவிடுவான். கேட்டவன் அவனாக இருந்தாலும் பொறுப்பு பெற்றவர்களுடையது. கீரையை அவன் நறுக்கட்டும், தண்ணீரை அவன் மாற்றட்டும். கால்சியம் தூவினார்களா, விளக்கு எரிகிறதா என்பதைப் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும்.

தங்கை மகளுக்கு நான் சொன்னது இரண்டே வழி. மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பூச்சி டப்பாவை சமையலறைக்கு வெளியே வைத்து, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டி ஒழுங்காக வளர். முடியாது என்றால் அதைச் சரியாக வளர்க்கக்கூடிய வீட்டுக்குக் கொடுத்துவிடு. பையன் அழுவான், இரண்டு நாளில் தேறிவிடுவான். எலும்பு வளைந்த குட்டி அப்படித் தேறாது. மூன்றாவது வழி கிடையாது.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. மெல்போர்ன், சிட்னி பக்கம் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இந்தப் பிராணியை வளர்த்துப் பழகியிருந்தால் எனக்கு எழுதுங்கள், அவளுக்கு அனுப்பிவைக்கிறேன். சைவ வீட்டில் பூச்சி டப்பாவை எங்கே வைத்துச் சமாளித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். அவளுக்கு இப்போது அதுதான் பெரிய கவலை.

எல்லோரும் நலமாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்