எவ்வளவு நேரத்துக்கு?

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால் மீனைவிட என்ஜின்களையே அதிகம் பார்க்கலாம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. படகுகளுக்கு மராமத்து நடப்பதும், என்ஜின்களைத் திறந்து பார்ப்பதும் அப்போதுதான். அப்படி ஒரு நாளில், திறந்து கிடந்த ஒரு டீசல் என்ஜின் அருகே நின்று வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உதவியாளாக இருந்த இளைஞன் தன் கைபேசியை மெக்கானிக்கிடம் நீட்டினான். திரையில் ஒரு டொயோட்டா சுப்ரா. உருளைகளின்மேல் நிறுத்தித் திறனை அளக்கும் டைனோ மேடையில் அலறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஜப்பான் என்ஜின். ஆயிரம் குதிரை!”

அவர் பிஸ்டனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆயிரமா? சரிப்பா. எவ்ளோ நேரத்துக்கு?”

இளைஞன் சிரித்தான். நானும் சிரித்தேன். ராயபுரம் வழியாக வீடு திரும்பும்போதுதான் அது கேலி அல்ல, ஒரு பொறியியல் கேள்வி என்று உறைத்தது. ஜப்பானியக் கார் என்ஜின்களில் எது பலமானது, எதை அதிகம் டியூன் செய்யலாம் என்று உலகெங்கும் ஓயாமல் நடக்கும் விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வியும் அதுதான். இலக்கியம் பேசும் இடத்தில் என்ஜினைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். பலம் என்ற சொல்லை நாம் எத்தனை அலட்சியமாகக் கையாள்கிறோம் என்பதும் மொழி சார்ந்த விஷயமே அல்லவா?

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலம் வேறு, மிச்சம் வேறு. ஓர் என்ஜின் தனக்கென்று விதிக்கப்பட்ட வேலையை நீண்ட காலம் சலிக்காமல் செய்வது பலம். அந்த வேலைக்குத் தேவையானதற்கு மேல் உருவாக்கியவன் அதற்குள் விட்டுவைத்திருப்பது மிச்சம். டியூனிங் என்பது அந்த மிச்சத்தை எடுத்துச் செலவழிப்பது. நாம் மிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பலம் என்று பெயர் சூட்டுகிறோம்.

புகழ்பெற்ற என்ஜின்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ 1991-ல் அரிஸ்டோ என்ற சொகுசுக் காரில் வந்தது. சுப்ராவின் வழியாகவே அது உலகப் புகழ் பெற்றது. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். துளையின் விட்டமும் பிஸ்டன் பயணிக்கும் தூரமும் ஒன்றே, 86 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பு. கிராங்க் ஷாஃப்டை ஏழு இடங்களில் பேரிங்குகள் தாங்குகின்றன. பிஸ்டன்களின் அடிப்புறத்தில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. ஜப்பானில் இதற்கு அறிவிக்கப்பட்ட திறன் 280 குதிரைத்திறன் மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1989 முதல் 2004 வரை, 280-க்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தமக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் வைத்திருந்தன. அந்த வரம்புக்கு வெகுதூரம் மேலே தாங்கக்கூடிய பிளாக்கைச் செய்துவிட்டு வரம்புக்குள் ஓட்டினார்கள். அந்த இடைவெளியைத்தான் பின்னர் வந்த டியூனர்கள் கண்டெடுத்தார்கள்.

நிசானின் ஆர்பி26 வேறு வகை. 1989-ல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்காக, குரூப்-ஏ பந்தயத்தை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. 2.6 லிட்டர், வார்ப்பிரும்பு பிளாக், ஆறு சிலிண்டர்களுக்கும் தனித்தனி திராட்டில். இதன் பிளாக்கில் மிச்சம் உண்டு. ஆனால் எண்ணெய் ஓட்டத்தில் இல்லை. ஆரம்பகால என்ஜின்களில் எண்ணெய் பம்பைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் முனையின் பிடிமானப் பரப்பு குறுகலானது. உயர்ந்த சுழற்சியில் அங்கே பம்பின் பற்சக்கரம் உடையும். நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டினால் எண்ணெய் கீழே இறங்காமல் சிலிண்டர் தலையிலேயே தேங்கும். டர்போவின் செராமிக் சக்கரமோ காற்றழுத்தத்தைக் கூட்டினால் சிதறக்கூடியது. பிளாக் எவ்வளவு தடிமனாக இருந்து என்ன? ஓர் என்ஜினின் பலம் அதன் மிக மெலிந்த உறுப்பின் பலம்தான்.

மிட்சுபிஷியின் 4ஜி63 மூன்றாவது உதாரணம். வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட இந்த இரண்டு லிட்டர் என்ஜின்தான் டர்போவோடு லான்சர் எவல்யூஷன் கார்களை உலக ராலிகளில் ஓட்டியது. ஃப்ளைவீலை ஆறு போல்ட்டுகளால் பிணைத்த பழைய வடிவத்தில் கனெக்டிங் ராடுகள் தடித்தவை. பின்னர் வந்த ஏழு போல்ட் வடிவத்தில் அவை மெலிந்தன. அவ்வடிவத்தின் சில என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்து த்ரஸ்ட் பேரிங்கைத் தின்னும் நோயும் கண்டது. ஒரே பெயர், ஒரே கொள்ளளவு, ஆனால் உள்ளே விட்டுவைத்த மிச்சம் வேறு. பெயரை மட்டும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கு அருகே திருவள்ளூரில் 1998 முதல் தயாரான லான்சரும் அந்தப் பெயரைத் தாங்கியதுதான். ஆனால் நம் ஊர் பெட்ரோல் லான்சருக்குள் இருந்தது 1.5 லிட்டர் குடும்பக் கார் என்ஜின்.

ஹோண்டாவின் பி16ஏ-வைப் பலரும் இந்தப் பட்டியலில் கீழே தள்ளுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989-ல் வந்த அந்த 1.6 லிட்டர் என்ஜின் டர்போ இல்லாமலேயே 160 குதிரைத்திறன் தந்தது. வால்வுகள் திறக்கும் நேரத்தையும் உயரத்தையும் சுழற்சிக்கு ஏற்ப மாற்றும் விடெக் அதில்தான் அறிமுகமானது. அலுமினிய பிளாக். அதன் மேல்விளிம்பில் சிலிண்டர்களைச் சுற்றித் தாங்கல் குறைவு என்பதால் டர்போ அழுத்தத்துக்கு அது உகந்ததல்ல. மிச்சம் குறைவு என்பது உண்மைதான். காரணம், டியூனர் செய்யவேண்டிய வேலையை ஹோண்டாவே செய்து முடித்து, அதற்கு உத்தரவாதமும் கொடுத்து விற்றுவிட்டது. சொன்ன எண்ணைச் சொன்ன சுழற்சியில் வருடக்கணக்காகத் தரும் என்ஜினைப் பலவீனமானது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே என் வரிசை இது. மிச்சத்தில் 2ஜேஇசட் முதலிடம், பழைய 4ஜி63 அடுத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் பி16ஏ யாருக்கும் இளைத்ததல்ல. ஆர்பி26-இன் ஒலியில் மயங்காதவர்கள் குறைவு. ஆனால் எண்ணெய்க் குறையைச் சரிசெய்யாமல் அதன் திறனைக் கூட்டுவது கடன் வாங்கிக் கல்யாணம் செய்வதைப் போன்றது.

இனி காசிமேட்டு மெக்கானிக்கின் கேள்விக்கு வருகிறேன். கார் என்ஜின் தன் முழுத் திறனையும் சில வினாடிகளுக்கு மேல் தருவது அபூர்வம். முந்திச் செல்லும்போதும் மேடேறும்போதும் தருகிறது, மற்ற நேரமெல்லாம் சிறு பகுதியில் ஓடுகிறது. ஆயிரம் குதிரைத்திறனுக்கு டியூன் செய்த சுப்ராவும் டைனோவில் அந்த எண்ணைத் தொடுவது ஒரு கணமே. இழுவைமடி இழுக்கும் விசைப்படகு அப்படியல்ல. மணிக்கணக்கில், நாள்கணக்கில் பாரத்தோடு ஓடவேண்டும். அங்கே இறக்கத்தில் ஓய்வு கிடையாது. அதனால்தான் ஒரே டீசல் என்ஜினுக்கு வாகனத்தில் ஒரு திறனும், தொடர்ந்து உழைக்கும் படகிலோ ஜெனரேட்டரிலோ அதைவிடக் குறைந்த திறனும் குறிப்பது வழக்கம். காலத்தைச் சேர்க்காமல் சொல்லும் திறன் பாதி எண் மட்டுமே.

ஜப்பானிய என்ஜினின் பலத்தை வடசென்னை அறிந்ததும் இப்படித்தான். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோது அங்கே பூட்டப்பட்டவை ஆஸ்டின் கார்கள். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனபோது லாரியும் பேருந்தும் அதன் முகமாகிவிட்டன. பிரிட்டிஷ் வழிவந்த லேலண்ட் என்ஜின்களோடு, 1980களில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்தின் தொழில்நுட்பமும் வந்து சேர்ந்தது. ஹினோவின் ஆறு சிலிண்டர் டீசலின் அளவுகளைப் பாருங்கள். துளை 104 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 113 மில்லிமீட்டர், மொத்தம் 5.76 லிட்டர். சுப்ராவின் என்ஜினைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கொள்ளளவு. ஆனால் சுழற்சி மிகக் குறைவு. இந்தக் குடும்பத்துக்குப் பிறகு டர்போ வந்தது, உள்ளிழுக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வந்தது, காமன்ரெயில் வந்தது. திறன் படிப்படியாக ஏறியது. வாகனப் புகை விதிகள் ஒவ்வொரு முறை இறுகும்போதும் தொழிற்சாலையே அதை மறுபடி டியூன் செய்தது. தமிழ்நாட்டில் அதிகம் டியூன் செய்யப்பட்ட ஜப்பானிய என்ஜின் எது என்று என்னைக் கேட்டால், எந்தப் பந்தயக் காரையும் காட்டமாட்டேன். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் லாரிகளைக் காட்டுவேன்.

டியூனிங்கை நான் இழிவாகப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். வடசென்னைக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பியட்டும் ஹெரால்டும் சீறிய காலம் ஒன்று இருந்தது. இருப்பதை வைத்துக்கொண்டு வேகம் காண்பது அந்தத் தலைமுறையின் கலை. அந்த வழியில் வந்த கோவையின் கரிவரதன், மாருதியின் 796 சிசி சுசுகி என்ஜினை வைத்துப் பந்தயக் கார்களைக் கட்டினார். பார்முலா மாருதி அப்படிப் பிறந்தது. குடும்பத்தைச் சுமக்க வந்த, நாற்பது குதிரைத்திறனை ஒட்டிய சிறு என்ஜின் அது. 2005-ல் பார்முலா ஒன்றில் கார் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் கார்களில்தான். நல்ல டியூனர் என்ஜினை வாசிக்கிறான். உருவாக்கியவன் எங்கே எதை விட்டுவைத்தான், எங்கே எதுவும் விடவில்லை என்று பிரித்தறிகிறான். மோசமான டியூனர் டீசல் பம்பின் திருகைத் திருப்புகிறான். கரும்புகை கிளம்புகிறது, கொஞ்ச நாள் இழுவை கூடுகிறது, பிறகு பிஸ்டன் உருகுகிறது.

நான் இதை எழுதுவதற்கு உண்மையான காரணம் காசிமேட்டில் இருக்கிறது. நூற்றுச்சொச்சம் குதிரைத்திறன் என்ஜின்களோடு தொழில் செய்துவந்த துறைமுகத்தில், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு திறன்கொண்ட சீன என்ஜின்கள் நுழைந்தன. விரைவாகப் போகலாம், பெரிய மடியை இழுக்கலாம். எதிர்த்தவர்களும் மீனவர்கள்தான். பூட்டியவர்களும் மீனவர்கள்தான். போராட்டங்கள் நடந்தன. தமிழக அரசு விசைப்படகுகளுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு விதித்தது. ஜப்பானியக் கார் நிறுவனங்களின் 280 ஒரு கனவான் ஒப்பந்தம். அதை மீறியிருந்தால் நட்டம் யாருக்கும் பெரிதாக இல்லை. 240 அப்படிப்பட்டதல்ல. அந்த எண்ணுக்கு மேலே செலவாவது என்ஜினின் மிச்சம் அல்ல, கடலின் மிச்சம். குஞ்சையும் சினைமீனையும் அரித்து எடுத்தபின் அடுத்த பருவத்துக்கு எதுவும் விட்டுவைக்கப்படுவதில்லை. முதலில் பட்டினி கிடப்பவன் பத்துக் குதிரைத்திறன் என்ஜினை வைத்துக் கரையோரம் வலை போடும் ஃபைபர் படகுக்காரன்.

இதற்கு என்ஜினைக் குறைசொல்லிப் பயனில்லை. பக்கத்துப் படகில் முந்நூறு இருக்கும்போது தன் படகில் நூற்றிருபது போதும் என்று எந்த உரிமையாளரும் நினைக்கமாட்டார். கடனும் வட்டியும் அவரைத் துரத்துகின்றன. அதனால்தான் வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும், உண்மையாகவே அளந்து பார்க்கப்படவும் வேண்டும் என்கிறேன். காகிதத்தில் 240 என்று எழுதிவிட்டுப் படகில் வேறொன்று ஓடினால், நேர்மையாக நடந்தவர் மட்டுமே தோற்பார்.

அன்று அந்த இளைஞன் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, கழற்றி வைத்த பிஸ்டன் வளையங்களை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் விட்டு, முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க ஆரம்பித்தான். தேய்மானம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.