நந்தி மலைத் திராட்சை: குளிருக்குக் குறைவில்லை, தண்ணீர்தான் கேள்வி

பெங்களூரிலிருந்து சிக்கபள்ளாபூர் செல்லும் ரயில் தேவனஹள்ளியை நெருங்கும்போது திராட்சைப் பந்தல்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. இடையிடையே வீட்டு மனைகளுக்கு நட்ட எல்லைக் கற்களும் தெரிகின்றன. 2008இல் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டபின் பந்தலைப் பிரித்து நிலத்தை விற்றவர்கள் பலர். விற்காமல் இருப்பவர்களுக்கு ஒயின் திராட்சை ஒரு வழியாகக் காட்டப்படுகிறது. அது நிலைக்குமா என்பதே இப்போதைய பிரச்சினை.

இப்பகுதியில் நெடுங்காலமாக விளைவது 'பெங்களூர் நீலம்' என்னும் ரகம். சாற்றுக்கும் சாப்பிடவும் அது ஏற்றது. ஒயினுக்கென்றே பிரெஞ்சு ரகங்களைப் பயிரிட்டு தொட்டபள்ளாபூர் அருகே குரோவர் நிறுவனம் 1988இல் தோட்டம் அமைத்தது. 2007இல் கர்நாடக அரசு தனி ஒயின் கொள்கை வகுத்ததைத் தொடர்ந்து ஒப்பந்த முறைச் சாகுபடிக்கு ஊக்கம் கிடைத்தது.

நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். தோட்டங்கள் இருப்பது அடிவாரத்தில், சுமார் 900 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு கெடாமல் நிற்கும்; நல்ல ஒயினுக்கு அது அவசியம். இந்த லாபத்தை மலை இலவசமாகத் தருகிறது.

தண்ணீரை அது தருவதில்லை. அர்ஜென்டினாவின் மென்டோசாவில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் ஆண்டிஸ் மலையின் பனி கோடையில் உருகிக் கால்வாய்களில் வருகிறது. நந்தியில் உருகுவதற்குப் பனிச் சிகரம் இல்லை. மழை 700 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தும், மழைக்காலத்தின் இறுதியில் கொடியைக் கவாத்து செய்து, வறண்ட மாதங்களில்தான் காய் பழுக்க விடுகிறார்கள். மழையில் பழுத்தால் பூஞ்சைநோய் தாக்கும். ஆகவே முழு நம்பிக்கையும் ஆழ்குழாய்க் கிணற்றின் மீதுதான்.

கிணறுகளோ ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. சிக்கபள்ளாபூர், கோலார் மாவட்டங்களில் ஊறுவதைவிட இறைப்பது அதிகம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியுள்ளது. தென்பெண்ணை பிறப்பது இந்த மலைப் பகுதியில்தான். கிருஷ்ணகிரியில் நம்மவர் பார்க்கும் அதே ஆறு, பிறந்த இடத்தில் மழை நாட்களைத் தவிர வெறும் மணலாகக் கிடக்கிறது.

சொட்டுநீர்ப் பாசனம் போட்டாயிற்றே என்று கேட்கலாம். மிச்சமாகும் நீரில் இன்னும் ஓர் ஏக்கர் நட்டால் கிணற்றுக்கு என்ன மிச்சம்? 10 குதிரைசக்தி வரையிலான பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நிறுத்துவதற்கும் காரணமில்லை.

உண்மையில் ஒயின் திராட்சைக்கு அதிக நீர் தேவையில்லை. காய் கட்டியபின் கொடியைச் சற்று வாடவிட்டால் பழம் சிறுத்து, தோலின் நிறமும் மணமும் கூடும். நிறுவனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நலம் ஒன்றாகும் அபூர்வமான இடம் இது. ஆனால் விவசாயிக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் பணம். சர்க்கரை அளவு ஒரு நிபந்தனை மட்டுமே. எடை குறைந்தால் நஷ்டம் அவருடையது. வங்கிக் கடன் வைத்திருப்பவர் தண்ணீரைத் திறந்துதான் விடுவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. விளைச்சலுக்கு உச்சவரம்பு வைத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஒப்பந்தம் வந்தாலன்றி இது மாறாது.

பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிகளில் விடும் திட்டம் 2018இல் கோலாருக்கு வந்தது. பின்னர் சிக்கபள்ளாபூருக்கும் நீண்டது. கிணறுகளில் நீர் ஏறியதாக விவசாயிகள் மகிழ்கின்றனர். எனினும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுப்பப்படுகிறது. அதே கிணற்றுநீரைத்தான் ஊர் மக்களும் குடிக்கிறார்கள்.