கல்லாப்பெட்டி சொல்லாத கணக்கு

தீபாவளி நெருங்கிவிட்டால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நடப்பதற்குக்கூட இடம் கிடைக்காது. அத்தகைய நேரத்தில் லெபோ பாசாரில் கடை திறக்கும் புதிய வணிகர் ஒருவர், இரவில் கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்த்து மகிழ்வது இயல்பே. ஆனால், கல்லாவில் உள்ள பணம் வேறு, இலாபம் வேறு. அந்த வேறுபாட்டை இலாப நட்டக் கணக்கும் ஐந்தொகையுமே காட்டும். அவற்றை ஆண்டு முடிவில் கணக்காளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது தவறு. முதல் மாதத்திலிருந்தே வணிகர் தாமே எழுதிப் பழக வேண்டும்.

ஒருவர் 20,000 ரிங்கிட் முதலுடன் சேலைக்கடை தொடங்குவதாகக் கொள்க. 25,000 ரிங்கிட்டுக்குச் சரக்கு வாங்குகிறார். அதில் 10,000 ரிங்கிட் கடன். அலமாரிகளுக்கு 4,000 ரிங்கிட் ஆகிறது. முதல் மாத விற்பனை 30,000 ரிங்கிட். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 8,000 ரிங்கிட். வீட்டுச் செலவுக்கு அவர் 2,000 ரிங்கிட் எடுக்கிறார். மாத இறுதியில் கையில் 21,000 ரிங்கிட் இருக்கிறது. போட்ட முதல் முழுவதும் திரும்பிவிட்டது என்று அவர் நினைக்கக்கூடும்; வேன் வாங்க முன்பணமும் கட்டிவிடக்கூடும்.

கணக்கு எழுதினால் உண்மை தெரியும். விற்காத சரக்கின் மதிப்பு 9,000 ரிங்கிட் என்றால், விற்ற சரக்கின் அடக்கவிலை 16,000 ரிங்கிட். மொத்த இலாபம் 14,000. செலவு போக நிகர இலாபம் 6,000 ரிங்கிட் மட்டுமே. அலமாரியின் தேய்மானத்தையும் கழித்தால் இன்னும் குறையும். ஐந்தொகையில் ஒரு பக்கம் ரொக்கம், சரக்கு, அலமாரி என 34,000 ரிங்கிட் நிற்கும். மறுபக்கம் முதலும் இலாபமும் சேர்த்து, வீட்டுக்கு எடுத்தது போக 24,000, கடன் 10,000. கையிருப்பில் ஏறத்தாழப் பாதி மொத்த வியாபாரிக்கு உரியது! பண்டிகை முடிந்து விற்பனை மந்தமாகும் மாதத்தில் அவர் பணம் கேட்டு வருவார். அப்போது வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த வழக்கம் பினாங்குக்குப் புதிதன்று. லெபோ பினாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கணக்கு எழுதுவதில் பெயர் பெற்றவர்கள். ஊரிலிருந்த முதலாளி கடல்கடந்த தம் தொழிலின் நிலையைக் கணக்கின் வழியாகவே அறிந்தார்.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. வணிகம் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும். வருமான வரிக்கான கணக்குகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனினும், வரிக்குப் பயந்து மட்டும் எழுதப்படும் கணக்கால் கடைக்காரருக்குப் பெரும் பயனில்லை. அது அவர் கைக்கு வருவதற்குள் ஓராண்டு ஓடிவிடும்.

கடையில் தனியாக நிற்பவருக்கு இதற்கு ஏது நேரம் என்று சிலர் கேட்பர். அது நியாயமான கேள்விதான். கைப்பேசிச் செயலி விற்பனையைக் கூட்டித் தந்துவிடும். ஆனால், கறைபட்ட சேலையையும் கணக்கில் வராமல் போன சேலையையும் அது அறியாது. சரக்கை யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும். படிவம் நான்கில் கணக்கியல் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், மாத இறுதியில் கடையை அடைத்த பிறகு, ஒருவர் எண்ண மற்றவர் எழுதலாம்.